சங்கக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, அபராதம் போடலாமா?

கேள்வி: சூரமங்கலம் பக்கத்து வாசகர், 6 ஜூலை 2024

எங்கள் நகரில் ஏறக்குறைய இருநூறு வீடுகள். குடியிருப்போர் நலச்சங்கம் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. கூட்டம் போட்டால் அதே பத்துப் பேர்தான். சந்தா கேட்டுப் போனால் உள்ளே டி.வி. ஓடுகிறது, கதவு திறப்பதில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் காலை ஆறு மணிக்கே செயலாளர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மக்களுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை இல்லை என்பதுதான் என் முடிவு. கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம் விதிக்கலாமா என்று நிர்வாகக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

7 ஜூலை 2024

அபராதம் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சேலத்தில், அஸ்தம்பட்டி மண்டலத்தில் ஒரு நகரில் மாவு மில் நடத்துகிறேன். சங்கத்துக்குப் பொருளாளரும் நான்தான். மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் காலை என் மில்லுக்கு வந்து நிற்கட்டும். கேழ்வரகு அரைபடும் வரை காத்திருக்கிறவர்கள் என்ன பேசுகிறார்கள்? குடிநீர் இந்த முறை எந்த நாள் வரும், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்தச் சந்தில் பன்றி நுழைகிறது, பள்ளி வேன் திரும்பும் முனையில் யார் ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

கூட்டம் நடக்கிற விதத்தைப் பாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி. வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர் கறி வாங்கி வந்து, துணி துவைத்து, பிள்ளையை முடிவெட்ட அழைத்துப் போகும் நேரம் அது. தலைவர் முக்கால் மணி நேரம் பேசுகிறார். வரவு செலவு ஒரே மூச்சில் வாசிக்கப்படுகிறது. கடைசியில் ‘உங்கள் அனைவரின் ஒத்துழைப்பும் தேவை’ என்று முடிகிறது. எந்த வேலைக்கு, யாருடைய ஒத்துழைப்பு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அதைச் சொல்வதில்லை. வந்தவர் கையை வீசிக்கொண்டு வந்தார், வீசிக்கொண்டே போகிறார். அடுத்த முறை எதற்கு வர வேண்டும்?

அதே நாள், இரவு

அபராதம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். நமக்குப் பொருந்துவது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கு வைத்து, நிர்வாகிகள் விவரத்தோடு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. யாரைச் சேர்ப்பது, எவ்வளவு சந்தா, யாரை நீக்குவது என்பதையெல்லாம் உங்கள் துணைவிதிதான், அதாவது சங்கம் தனக்கென எழுதிப் பதிவு செய்த விதிகள்தான், சொல்லும்.

துணைவிதியில் இல்லாத அபராதத்தை வசூலிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. இருந்தாலும் அது உறுப்பினரை மட்டுமே கட்டும். இருநூறு வீட்டில் எத்தனை பேர் உறுப்பினர்? ஏற்கெனவே சந்தா கட்டிய நல்ல மனிதர்களுக்குத் தண்டனை, எட்டிக்கூடப் பார்க்காதவருக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

துணைவிதியை எடுத்து ‘உறுப்பினர் தகுதி’ என்ற பகுதியைப் படியுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

10 ஜூலை 2024

சந்தேகப்பட்டது சரிதான். ‘சொந்த வீடு அல்லது மனை உடையவர் மட்டும்’ என்று இருக்கிறதாம். எங்கள் துணைவிதியிலும் இதே வரிதான் இருந்தது. சேலத்தில் நான் விசாரித்த நகர்கள் பலவற்றிலும் இதுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் நகல் எடுத்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி நீளமாகவே எழுதப் போகிறேன். ஆள் வராததற்கு முதல் காரணம் இந்த வரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் நகரில் கீழ் வீட்டில் உரிமையாளர், மேல் வீட்டில் வாடகை. அல்லது இரண்டுமே வாடகை, உரிமையாளர் பெங்களூரிலோ சென்னையிலோ. தெருவில் அன்றாடம் நடக்கிறவர்கள் யார்? இரவு வேலை முடித்துத் தனியாக வரும் செவிலியர். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் தம்பி. பிள்ளைகளின் படிப்புக்காக ஏற்காட்டுக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து ஒற்றை அறையில் இருக்கும் குடும்பம். கல்லூரி மாணவர்கள். குடிநீர்க் குழாயில் கலங்கல் வந்தால் முதலில் குடிப்பது இவர்கள். சாக்கடை நாற்றத்தில் தூங்குவதும் இவர்கள். அந்த வரிப்படி பெங்களூரில் இருப்பவருக்கு ஓட்டு உண்டு, இவர்களுக்கு நாற்காலிகூடக் கிடையாது.

கைக்குழந்தையோடு மில்லுக்கு வரும் ஒரு பெண், எங்கள் தெருமுனை விளக்கு எத்தனையாவது கம்பத்திலிருந்து அணைந்திருக்கிறது என்று கம்ப எண்ணோடு சொன்னாள். செயலாளருக்கே அந்த எண் தெரியாது. “ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து இதைச் சொல், கண்ணு” என்றேன். “நான் வாடகைக்கு இருக்கிறவள்தானே அக்கா, என்னை யார் கூப்பிட்டார்கள்?” என்றாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூத்த உறுப்பினர்கள் சொன்ன மறுப்பு: “இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குக் காலி செய்துகொண்டு போவார்கள்.” போகட்டும். இருக்கிற வரைக்கும் இருக்கிறார்கள் அல்லவா? அந்த நகரிலேயே பிறந்து, கூட்டத்துக்கு ஒரு நாளும் வராத சொந்த வீட்டுக்காரரைவிட, இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போகிற வாடகைக்காரர் அதிகம் செய்ய முடியும்.

துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், சாதாரணப் பெரும்பான்மை போதாது. முறையாக அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவில் நிறைவேற்றி, திருத்தத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகும் வரை அது செல்லாது. எங்களுக்கு இதில் நிறைய நாள் போனது, வாக்குவாதம் அதைவிட நீண்டது. ‘நகரில் வசிக்கும், 18 வயது நிரம்பிய எவரும்’ என்று இப்போது இருக்கிறது.

12 ஜூலை 2024

“வாடகைக்காரர்கள் சேர்ந்து வாக்களித்து உரிமையாளர் தலையில் செலவைக் கட்டிவிட்டால்?” என்று ஒருவர் கேட்கிறார். எந்தச் செலவை? சங்கம் வீட்டுவரி போடுவதில்லை. சந்தா எல்லோருக்கும் ஒன்றே. சொத்தைப் பற்றிய அச்சம் அடுக்குமாடிக்குப் பொருந்தலாம். அங்கே சட்டமும் வேறு, கட்டடத்தின் பராமரிப்பும் நிலத்தின் பாகமும் பொதுவில் இருக்கின்றன. தனி வீடுகள் உள்ள நகரில் சங்கம் பேசுவது விளக்கு, தண்ணீர், குப்பை, பூங்கா. இவற்றில் வாடகைக்காரருக்கு எதிராக உரிமையாளருக்கு என்ன நலன் இருக்கிறது?

21 ஜூலை 2024

கூட்ட நேரம். எங்கள் பக்கம் இப்போது தெருவாரியாக இரவு ஏழரைக்கு நடக்கிறது. தெருமுனையில் பத்து பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்கள் வாசல்படியில். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது.

முன்பு கோயில் மண்டபத்தில் நடந்தது. அங்கே வரத் தயங்கிய வீடுகள் இருந்தன. இஸ்லாமியக் குடும்பங்கள், கிறித்தவக் குடும்பங்கள், தீட்டு நாளில் இருக்கும் பெண்கள், துக்கம் நடந்த வீட்டார். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, வராமல் இருந்துவிட்டார்கள். தெருவுக்குக் கொண்டுவந்ததும் வந்தார்கள். இடத்தை மாற்ற ஒரு பைசா செலவில்லை.

22 ஜூலை 2024

தட்டுவடை செட் கொடுத்ததால்தான் கூட்டம் சேர்ந்தது என்று எங்கள் நகர்க்காரர் ஒருவரே இங்கு வந்து எழுதியிருக்கிறார். உண்மை. காரட், பீட்ரூட், மூன்று சட்னி எல்லாம் இருந்தது. சேலத்துக்காரர்களைத் தட்டுவடை செட்டுக்குக் கூப்பிட்டால் வருவார்கள். வந்த பிறகு வேலையைக் கையில் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. எழுதியவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார், நான்காவது தெருவின் மழைநீர் வடிகால் கணக்கெடுப்பையும் அவர்தான் முடித்தார்.

11 ஆகஸ்ட் 2024

ஆடி பிறந்ததிலிருந்து சங்க வேலை ஒன்றும் நடக்கவில்லை, மக்களுக்குத் திருவிழாதான் முக்கியம் என்று ஒருவர் வருத்தப்படுகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் ஊரே அதில்தான் இருக்கும். குகை என்கிற பகுதியில், வேடம் கட்டியவர்கள் சோடித்த வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு எப்படி வேலை பிரிக்கிறார்கள் என்று பாருங்கள்: வேடம் கட்டுகிறவர், வண்டி சோடிக்கிறவர், மின்விளக்குப் பார்க்கிறவர், பணம் திரட்டுகிறவர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு பார்க்கிறவர். ஒவ்வொருவருக்கும் தன் வேலை எது என்று தெரியும். அதே மனிதர்கள்தான் சங்கக் கூட்டத்துக்கு வராதவர்கள். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள். நாம் ‘அனைவரும் வருக’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம்.

அதனால் நோட்டீஸ் ஒட்டுவதைக் குறைத்துக்கொண்டோம். “தம்பி, உனக்கு வரைபடம் படிக்கத் தெரியும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் வா” என்று கேட்கிறோம். இப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. மறுத்தாலும் முகத்துக்கு நேராகக் காரணம் சொல்வார். அந்தக் காரணமும் நமக்குத் தகவல்தான்.

1 செப்டம்பர் 2024

வாட்ஸ்ஆப் குழு பற்றித் தனியாக எழுதுங்கள் என்று பலர் கேட்டார்கள். என் கருத்து கடுமையானது: குழு அறிவிப்புக்கு மட்டும். தண்ணீர் வரும் நேரம், மின்தடை, இறப்புச் செய்தி, காணாமல் போன சாவி. விவாதம் நேரில்.

இதைச் சொல்லக் காரணம் நாய்ப் பிரச்சினை. தெருநாய்க்குச் சோறு வைக்கும் ஓர் அம்மாவும், நாய் துரத்தி மிதிவண்டியிலிருந்து விழுந்த சிறுவனின் தந்தையும் குழுவில் எழுதிக்கொண்ட சொற்களை இங்கே திரும்ப எழுத மாட்டேன். இருவரும் நல்லவர்கள். நேரில் நின்றிருந்தால் அந்தச் சொற்கள் வந்திருக்காது. நாய்களைப் பிடித்து வண்டியில் ஏற்றி ஏற்காடு அடிவாரத்தில் விட்டுவிடலாம் என்று நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். அது கூடாது. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. அடிவாரத்திலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-ஐ எடுத்து வாசித்தோம். தெருநாய்க்கு உணவு வைக்க இடமும் நேரமும் குறிப்பதில் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொறுப்பு இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, கட்டட வாசல் இவற்றிலிருந்து தள்ளி அந்த இடம் இருக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். அந்தத் தந்தை கேட்டதும் இதைத்தானே? அந்த அம்மாவும் சோறு வைக்கத் தடையில்லை என்று தெரிந்ததும் இடத்தை மாற்ற ஒப்புக்கொண்டார். அவர்கள் இருவரும் நண்பர்களாகவில்லை. ஆகவும் வேண்டாம். பையன் இப்போது மிதிவண்டியில் போகிறான்.

3 செப்டம்பர் 2024

எங்கள் குழுவில் ‘காலை வணக்கம்’ படங்களை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டவருக்கு: நிறுத்தவில்லை. அதற்கென்று இன்னொரு குழு தொடங்கிக் கொடுத்தோம். அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

15 செப்டம்பர் 2024

பணம். பொருளாளர் என்ற முறையில் இதைப் பேசாமல் இருக்க முடியாது.

சந்தா கேட்டால் கதவு திறப்பதில்லை என்றீர்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று தெரியாத ஊரில் கதவு திறக்காதுதான். என் மில் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மாதம் பிறந்ததும் சென்ற மாத வரவு, செலவு, கையிருப்பு. மின்வயர் வாங்கியது, பினாயில் வாங்கியது, இறந்தவர் வீட்டுக்கு மாலை வாங்கியது வரை எழுதுவேன். ரசீதுக் கட்டு கீழே ஆணியில் தொங்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு வாசிப்பதால் நம்பிக்கை வராது. மாவு அரைக்க வருகிறவர் மாதம் நான்கு முறை அந்தப் பலகையைப் பார்க்கிறார்; “பினாயில் இவ்வளவா?” என்று கேட்கிறார். கேட்டவரையே அடுத்த முறை வாங்கி வரச் சொன்னோம். குறைந்த விலையில் வாங்கி வந்தார்.

ஒன்று மட்டும் கவனம். புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே சந்தா கேட்காதீர்கள். முதலில் வேலை, பிறகு பணம்.

6 அக்டோபர் 2024

இளைஞர்கள் வருவதே இல்லை என்கிற புலம்பலை மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சேலத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மூக்கனேரியை 2010 முதல் சேலம் மக்கள் குழு சீரமைத்தபோது யார் வந்தார்கள்? ஏரிக்குள் கிடந்த வண்டலையே கொண்டு தீவுத்திட்டுகள் அமைத்து, மரக்கன்றுகள் நட்டார்கள். இன்றைக்கு அங்கே பறவை பார்க்கப் போகிறோம். மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள், இளைஞர்கள் வந்தார்கள். நம் கூட்டத்தில் மைக்கைத் தலைவர் பிடித்துக்கொள்கிறார், சால்வையைச் செயலாளர் வாங்கிக்கொள்கிறார், இளைஞருக்கு நாற்காலி தூக்கும் வேலை மட்டும். அவர்கள் ஏன் வர வேண்டும்?

எங்கள் நகரில் இளைஞர்கள் பிடித்துக்கொண்ட வேலை பூங்கா இடம். இப்போதுள்ள விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்ட வழியுண்டு. அதற்கு மேல் இடமாகவே கொடுத்தாக வேண்டும். அந்த இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போகும். பழைய மனைப்பிரிவுகளுக்கு அந்தந்தக் காலத்து ஒப்புதல் வரைபடம்தான் ஆதாரம். உங்கள் பத்திரத்தின் பின்னாலேயே அந்த வரைபடத்தின் நகல் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

எங்கள் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று எழுதியிருந்த இடம் சீமைக் கருவேல முள்ளும் உடைந்த செங்கல்லுமாகக் கிடந்தது. ஒரு மூலையில் யாரோ கம்பி வேலி போட்டிருந்தார்கள். பட்டறைத் தம்பியும் இரண்டு கல்லூரி மாணவிகளும் ஒப்புதல் எண்ணைக் கண்டுபிடித்து, வில்லங்கச் சான்று எடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டார்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். அந்த உரிமை குடிமகனுக்குத் தரப்பட்டது, ஒருவர் தன் சொந்தப் பெயரில் போடுவதே பாதுகாப்பு. அந்த மாணவிகளில் ஒருத்தி தன் பெயரில் வந்த அரசுக் கடிதத்தை உறைபோட்டு வைத்திருக்கிறாள். வேலி இப்போது இல்லை.

8 அக்டோபர் 2024

பூங்கா அமைக்கப் பணம் எங்கிருந்து என்று கேட்டவருக்கு: நகர்ப்புறங்களுக்கான ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. 2021 டிசம்பரில் முதலமைச்சர் இதைச் சேலத்தில்தான் தொடங்கிவைத்தார்.

9 அக்டோபர் 2024

“வரியும் கட்டி, மூன்றில் ஒரு பங்கும் கட்ட வேண்டுமா?” என்ற கோபமான பதிலை நேற்று இரவு முழுவதும் யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வாரத்தில் சேர்ந்துவிடும். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்கிற அம்மாபேட்டைத் தெருவிலோ, கிச்சிப்பாளையத்திலோ எப்படிச் சேரும்? பணம் சேர்க்க முடிந்த இடத்துக்கே மேலும் மேலும் வசதி போகும்.

நான் வகுத்துக்கொண்ட எல்லை இது. சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், குப்பை இவற்றுக்கு மக்கள் பங்கு என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. அவை வரிக்கு ஈடாக நமக்கு வர வேண்டியவை. கேட்டு, மனு எழுதி, விடாமல் நின்று வாங்க வேண்டும். பூங்காவில் ஊஞ்சல், நடைபாதை, நூலக அலமாரி போன்றவற்றுக்குத் திரட்டலாம். அங்கேயும் பணமில்லாதவர் தன் உழைப்பைத் தரட்டும், கணக்குப் பலகையில் அவர் பெயரும் அதே எழுத்தளவில் வர வேண்டும்.

2 நவம்பர் 2024

நேற்று உள்ளாட்சி தினம். சேலம் மாநகராட்சியில் நான்கு மண்டலங்கள், 60 வார்டுகள். 2011 கணக்கெடுப்பிலேயே எட்டேகால் லட்சத்துக்கு மேல் மக்கள். ஒரு வார்டு உறுப்பினர் எத்தனை தெருவை நினைவில் வைத்துக்கொள்வார்? அதற்காகத்தான் வார்டுக்கு ஒரு வார்டு குழு, வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்று விதி வந்தது. 2022 நவம்பர் 1 அன்று தமிழகம் முழுக்கப் பகுதி சபைகள் கூடின. கிராமசபை தெரிந்த அளவுக்கு இது நகரத்தில் தெரியவில்லை.

சங்கத்தின் வேலை இங்கே பெரிது. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தெருக்கூட்டத்தில் தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, கம்ப எண், தெரு எண், தேதியோடு இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, முதல்வரின் உதவி எண் 1100 இருக்கிறது. அங்கே போகும்போது இந்த நகல்தான் பேசும்.

2 டிசம்பர் 2024, அதிகாலை

மழை நிற்கவில்லை. இரண்டாவது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மோட்டார் ஓடுகிறது. பிறகு எழுதுகிறேன்.

7 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு இவ்வளவு மழை நமக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்! ஏற்காட்டில் கொட்டியது, மலைப்பாதையில் மண்சரிவு. மலையில் பெய்தால் அது கன்னங்குறிச்சி புது ஏரி, மூக்கனேரி என்று நிரம்பிக்கொண்டு நம்மிடம்தான் இறங்கும். திருமணிமுத்தாறு கரை தொட்டு ஓடியது.

ஆபத்து வந்தால் மக்கள் ஒன்றுசேர்வார்கள் என்று இங்கே பலரும் நெகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்தார்கள், கண்ணால் பார்த்தேன். ஆனால் வெறும் மனம் மட்டும் இருந்திருந்தால் அந்த இரவில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டிருப்போம். உதவியது ஒரு பட்டியல். அக்டோபரில் தெருவாரியாக எழுதியது: தனியாக இருக்கும் முதியவர், ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளி, நிறைமாதக் கர்ப்பிணி, கீழ்த்தளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர், மோட்டார் பம்ப் வைத்திருப்பவர், ஆட்டோ வைத்திருப்பவர், பூட்டிய வீட்டின் சாவி யாரிடம். அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். அந்தச் செவிலியர் இல்லையென்றால் யார் வீட்டில் இன்சுலின் குளிர்பெட்டியில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. மின்சாரம் போனபோது அவர்தான் முதலில் அந்த வீடுகளுக்குப் போனார். ‘இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள்’ என்று சொன்ன பெரியவரின் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்ததும் மேல்வீட்டுக் கல்லூரி மாணவர்கள்தான்.

உங்கள் நகரில் அந்தப் பட்டியல் இல்லையென்றால் பொங்கலுக்கு முன் எழுதிவிடுங்கள். காகிதத்தில் எழுதுங்கள். அன்று இரவு பாதிப் பேர் கைப்பேசியில் சார்ஜ் இல்லை.

8 டிசம்பர் 2024

பட்டியலில் நோய் விவரம் எழுதுவது சரியா என்று கேட்டிருப்பவர் நல்ல கேள்வி கேட்கிறார். எங்கள் பட்டியல் தெருவுக்கு ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சம்மதித்ததை மட்டும் எழுதினோம். குழுவில் போடவில்லை, போடக் கூடாது.

22 டிசம்பர் 2024

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. மழை நாட்களில் சமைத்தது பெண்கள். சேற்றை வழித்துக் கழுவியது பெண்கள். பட்டியல் எழுதியது பெண்கள். புகைப்படத்தில் நின்றது யார்? பாராட்டுக் கூட்டத்தில் துண்டு போட்டுக்கொண்டது யார்? எங்கள் நிர்வாகக் குழுவில் என்னைத் தவிர ஒரு பெண் கிடையாது. வேலைக்கு மட்டும் அவர்களைக் கூப்பிட்டுவிட்டு முடிவெடுக்கும்போது வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த மழைக்கு அவர்கள் வர வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. வேலை கொடுங்கள், ஆள் வருவார்கள் என்று ஜூலை முதல் எழுதி வருகிறேன். வேலையோடு அதிகாரமும் போக வேண்டும் என்பதை இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் எங்கள் குழுவின் மூன்றாண்டு முடிகிறது. பாதி இடங்களில் பெண்கள், குறைந்தது இரண்டு இடங்களில் வாடகைக்காரர்கள் என்று தீர்மானம் வைத்திருக்கிறேன்.

27 ஜனவரி 2025

தேர்தல் முடிந்தது. பெண்கள் பாதி இடம் என்ற தீர்மானம் நிறைவேறியது. வாடகைக்காரருக்கு இரண்டு இடம் என்பது தோற்றது. ஒரு இடம் என்று குறைத்துத்தான் ஏற்றார்கள். அந்த இடத்துக்குச் செவிலியர் வந்திருக்கிறார். இரண்டாவது இடத்தை நான் விடப் போவதில்லை.

30 ஜனவரி 2025

சூரமங்கலத்து வாசகர் எழுதியிருக்கிறார்: அபராத யோசனையைக் கைவிட்டார்களாம், தெருக்கூட்டம் நடந்ததாம், முன்பு பார்த்திராத முகங்கள் வந்தனவாம். வாடகைக்காரரிடம் சந்தா எப்படி வாங்குவது, ஆண்டின் நடுவில் காலி செய்தால் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்கிறார்.

மாதச் சந்தாவாக வைத்துவிடுங்கள், திருப்பித் தரும் கேள்வியே எழாது. ரசீதை வீட்டு எண்ணுக்குப் போடாமல் ஆளின் பெயருக்குப் போடுங்கள். உரிமையாளரின் சந்தாவோடு அதைச் சேர்க்க வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் என்றால் இரண்டு ரசீது, இரண்டு ஓட்டு. துணைவிதித் திருத்தம் பதிவாகும் வரை அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுவரை சந்தாவும் வாங்காதீர்கள்.